பங்குனிக் கடலும் விட்டுவந்த ஊர்களும்

அந்தமானின் தலைநகரும் நம் கடலூரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. வரைபடத்தில் கடலூரில் அளவுகோலை வைத்துக் கிழக்கே கோடு இழுத்தால், வங்கக்கடலைத் தாண்டி அது போர்ட் பிளேருக்கு மிக அருகில் போய் நிற்கும். (அந்த ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. நானும் அதையே எழுதுகிறேன்.) சூரியன் இரண்டு ஊருக்கும் ஒரே கோணத்தில் ஏறுகிறது. ஆனால் பங்குனி இரண்டு இடத்திலும் ஒன்றாக இல்லை. அதே ரேகையில் மேற்கே சேலம் வரை போனால் வெயில் 36 டிகிரியைத் தாண்டிக் கொளுத்தும். போர்ட் பிளேரில் பகல் 32ஐ ஒட்டி நிற்கும். இரவு 23க்கு இறங்கும். மார்கழியிலும் அதற்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின்தான். குளிர் விலகி இளவெயில் தொடங்கும் தருணத்தைத் தெர்மாமீட்டரில் தேடினால் அங்கே கிடைக்காது.

வாழ்ந்து விட்டுவந்த ஊரின் நினைவு இளவேனிலில் பொங்கும் என்பது உலகம் முழுக்கப் பழகிப்போன எண்ணம். ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரிப் பூ எந்த நாளில் உச்சத்துக்கு வந்தது என்று 1,200 ஆண்டுகளாகக் குறிப்பு எழுதிவைத்திருக்கிறார்கள்; 2021இல் அது மார்ச் 26ஆம் தேதியே வந்துவிட்டது, அதுவரையிலான பதிவுகளிலேயே மிக முந்திய நாள். பூக்கும் நாள் ஊரையும் உறவையும் நினைக்கும் நாளாகவும் அங்கே இருக்கிறது. அப்படி ஒரு நாள் இல்லாத இடத்தில் ஏக்கம் எதைப் பற்றிக்கொண்டு எழும்? இந்தக் கேள்வியைக் கேட்க அந்தமான் நிக்கோபாரைப் போல் பொருத்தமான இடம் வேறில்லை. 2011 கணக்கெடுப்பின்படி அங்கே மூன்று லட்சத்து எண்பதாயிரம் பேர். நூற்றுக்கு 28 பேர் வங்காளம் பேசுகிறார்கள், 19 பேர் இந்தி, 15 பேர் தமிழ், 13 பேர் தெலுங்கு, 7 பேர் மலையாளம். பழங்குடிகளை விட்டால் கிட்டத்தட்ட எல்லோருமே, ஆங்கிலேயர் கைதிக் குடியேற்றம் தொடங்கிய 1858க்குப் பிறகு வந்தவர்கள், அல்லது வந்தவர்களின் சந்ததி. ஒவ்வொரு வீட்டிலும் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது.

உளவியல்காரர்கள் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். சீனாவின் சன் யாட்-சென் பல்கலைக்கழகத்தில் நடந்து 2012இல் வெளியான ஆய்வு, குளிர்ந்த நாட்களில் மனிதர்களுக்குப் பழைய நினைவு கூடுதலாக வருகிறது என்றது; குளிரூட்டிய அறையில் உட்கார வைத்தாலும் அதே விளைவு. நினைவு உடம்புக்குக் கதகதப்பைத் தருகிறதாம். 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு காற்று, இடி, மழை மூன்றும் கடந்த காலத்தைக் கிளறுவதாகச் சொன்னது. இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால் அந்தமானில் கம்பளியே வேண்டாம். இடியும் மழையுமோ ஆண்டில் எட்டு மாதம் கூடவே இருக்கின்றன. வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் மழைதான் ஏக்கத்தைக் கிளறுகிறது என்றால் யாரும் வேறு வேலை பார்த்திருக்க முடியாது.

என் பார்வையில் இதற்குப் பொருத்தமான பதில் பழந்தமிழ் இலக்கணத்தில் இருக்கிறது. தொல்காப்பியம் ஆண்டை ஆறு பருவமாக்கி, ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய காலத்தைப் பிரித்துத் தருகிறது. பிரிவைப் பேசும் பாலைக்கு அது தந்திருக்கும் காலம் வேனில். பின்பனியையும் அதனோடு சேர்த்திருக்கிறது. மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில். உலகம் மலர்ச்சிக்கு ஒதுக்கிய அதே மாதங்களைத் தமிழ் இலக்கணம் பிரிவுக்கு ஒதுக்கியது ஏன்? உரைகாரர்கள் பல விளக்கம் சொல்வார்கள். எனக்குப் படும் காரணம் எளியது: மழை முடிந்து வழி திறப்பது அப்போதுதான். பொருள் தேடிப் போகிறவன் வேனிலில் புறப்படுகிறான். கார் தொடங்கும் முன் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். பருவம் மனத்தை நேராகத் தொடுவதில்லை. வழியைத் திறந்தும் அடைத்தும்தான் தொடுகிறது. கடல்வழிப் பிரிவுக்கும் அந்நூல் விதி வைத்திருக்கிறது: கடல் கடந்து போகும்போது பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்கிறது. அந்தமானின் தொடக்க வரலாற்றைப் படிப்பவருக்கு அந்த விதி பழைய செய்தியாகத் தோன்றாது.

தீவுகளின் ஆண்டை முதலில் பார்ப்போம். மே நடுவில் தென்மேற்குக் காற்று வந்து இறங்கினால் செப்டம்பர், அக்டோபர் வரை விடாது. அடுத்து வடகிழக்குக் காற்றும் அதன் மழையும் புயலும் டிசம்பர் வரை. ஜனவரியில் வானம் வெளுக்கிறது. அதிலிருந்து ஏப்ரல் வரை வறட்சி. காட்டில் படாக் மரங்களும், தீவுக்காரர்கள் டிடு என்று சொல்லும் காட்டிலவும் இலையை உதிர்த்து நிற்கும். டிடு அந்த மொட்டைக் கிளைகளிலேயே பூக்கும். பசுமை மாறாக் காடுகளுக்கு நடுவே இந்த மொட்டை மரங்களைப் பார்க்கும் ஐரோப்பியருக்கு இலையுதிர்காலமும் வசந்தமும் ஒரே மரத்தில் நிற்பதாகத் தோன்றும். ஊருக்குள் இருப்பவர்களுக்கு இந்த மாதங்களின் அடையாளம் வேறு: தண்ணீர். தனிக்காரி அணையில் நீர் இறங்க இறங்க, குழாயில் தண்ணீர் வருவது ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று நாளுக்கு ஒரு தடவை என்று சுருங்கும். மூவாயிரம் மில்லிமீட்டர் பெய்த இடத்தில் குடத்தை வரிசை வைப்பது தீவு வாழ்க்கையின் பெரிய முரண். பெய்ததைப் பிடித்து வைக்கப் போதுமான ஏற்பாடு இல்லை.

இன்னொன்று பொழுது. இந்திய நேரத்தைக் கணக்கிடும் தீர்க்கரேகையிலிருந்து பத்து டிகிரி கிழக்கே தள்ளி இருப்பதால், பங்குனியில் மாலை ஐந்தரைக்கே சூரியன் விழுந்துவிடும். சென்னையில் அப்போது இன்னும் ஐம்பது நிமிட வெளிச்சம் பாக்கி இருக்கும். இருட்டிய வராந்தாவிலிருந்து ஊருக்குப் போன் போட்டால், அங்கே பிள்ளைகள் தெருவில் விளையாடும் சத்தம் கேட்கும். வெப்பநிலை தராத வேறுபாட்டைக் கடிகாரம் தந்துவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலே கடல். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அது அடங்கிக் கிடக்கும். சுற்றுலாக்காரர்கள் நீருக்கடியில் பவளப்பாறை பார்க்க வருவதும் இந்த மாதங்களில்தான். தீவுக்குத் தீவு போகும் படகுகள் ரத்தாகாமல் ஓடும். மே மாதத்துக்குப் பிறகு துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் பயணம் அவ்வளவுதான். நிக்கோபார் போக வேண்டியவர் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் நிக்கோபார்க்காரர்களைப் பற்றி எழுதிய ஈ. எச். மேன், அவர்கள் ஆண்டுக்கணக்கு வைத்துக்கொள்ளாமல் காற்றுக்கணக்கு வைத்திருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். தென்மேற்கு ஒன்று, வடகிழக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்தால் நமக்கு ஓராண்டு. காற்று மாறுவதற்கு முந்திய அமைதிதான் நம் மாசி பங்குனி.

வடக்கே, அந்தமான் காட்டு மக்களிடம் இதைவிட நுட்பமான கணக்கு இருந்தது. 1906 முதல் 1908 வரை அங்கே தங்கி ஆய்வு செய்த ராட்கிளிஃப்-பிரவுன் 1922இல் வெளியிட்ட நூலில் அதை விவரிக்கிறார். காட்டில் மரங்களும் கொடிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கின்றன. அந்தந்த நாட்களில் காடு முழுக்க ஒரு மணம். எந்தப் பூ மணக்கிறதோ அதுவே அந்தக் காலத்தின் பெயர். அந்தப் பூவிலிருந்துதான் அப்போதைய தேன் என்பதால், நாக்கும் இதே கணக்கைச் சொல்லும். வறண்ட மாதங்கள் தேன் எடுக்கும் மாதங்கள். தேன்மெழுகை உருக்கினால் பிலிக்கு என்னும் காற்றுத் தெய்வம் கோபம் கொண்டு புயலை அனுப்பும் என்ற நம்பிக்கை இருந்தது. தேன் காலம் முடியவும் காற்று திரும்பவும் சரியாக இருப்பதை அவர்கள் கவனித்திருந்தார்கள். முதலாம் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி நிக்கோபாரை மாநக்கவாரம் என்று சொல்லும்போது தேன் நிறைந்த சோலைகளைச் சேர்த்தே சொல்வதும் இங்கே நினைவுக்கு வருகிறது. படையெடுத்துப் போனவர்கள் கண்ணிலும் பட்டது தேன்தான் போலும்.

மணத்தைக் கொண்டு காலத்தைக் கணக்கிடும் மக்கள் இடம்பெயர்க்கப்பட்டால் என்ன ஆகும்? ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஒரு முடிவு: சொல்லோ படமோ எழுப்பும் நினைவுகள் பெரும்பாலும் இளமைப் பருவத்தைச் சேர்ந்தவை, மணம் எழுப்பும் நினைவுகள் பத்து வயதுக்குள் சேர்ந்தவை. கிரேட் அந்தமானியர் பத்துக் குழுக்களாகத் தீவு முழுவதும் பரவி இருந்தவர்கள். குற்றவாளிக் குடியேற்றத்தோடு வந்த நோய்களில் அழிந்து, 1961இல் 19 பேராகச் சுருங்கி, 1970ஐ ஒட்டி ஸ்ட்ரெய்ட் தீவு என்ற ஒரு சிறு தீவில் எல்லோரும் ஒன்றாக வைக்கப்பட்டார்கள். போ மொழியின் கடைசிப் பேச்சாளரான மூத்த போவா 2010 ஜனவரியில் இறந்தார். தன் மொழியில் பதில் பேச ஆளில்லாமல் அவர் பறவைகளோடு பேசிக்கொண்டிருந்ததாக அவரிடம் ஆய்வு செய்த மொழியியலாளர் அன்விதா அப்பி சொல்லியிருக்கிறார்.

இந்த மக்களின் ஒரு வழக்கத்தைப் பற்றி மேனும் ராட்கிளிஃப்-பிரவுனும் எழுதியிருக்கிறார்கள். நாள்பட்டுச் சந்திக்கும் உறவினர் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுவார்கள். பிரியும்போது அழுகை கிடையாது. கையைப் பிடித்து அதன்மேல் மெல்ல ஊதிவிட்டுப் போவார்கள். வெள்ளைக்காரருக்கு இது விசித்திரமாக இருந்தது. துக்க வீட்டில் வெளியூர்ச் சொந்தம் நுழைந்ததும் கட்டிப்பிடித்து அழும் நம் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இதில் விளங்காதது எதுவும் இல்லை. ஒருவர் இறந்தால் குடியிருப்பையே காலிசெய்துவிட்டுப் போய், துக்கம் கழிந்த பின் திரும்பி வருவதும் அவர்கள் வழக்கம். இடத்தை விடுவதற்கும் முறை இருந்தது, திரும்பி வருவதற்கும் முறை இருந்தது. 1858க்குப் பிறகு அவர்கள் விட்ட இடங்களில் திரும்பி வரும் முறைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அந்த ஆண்டு மார்ச் 10ஆம் தேதி, கடல் அடங்கியிருந்த நேரத்தில், மருத்துவர் ஜே. பி. வாக்கர் 200 கைதிகளோடு போர்ட் பிளேரில் வந்து இறங்கினார். தொடக்கத்தில் ஆண்கள் மட்டும். பெண் கைதிகளும் கல்யாணங்களும் பின்னால் வந்தன. அந்தக் கல்யாணங்களின் வழியில் வந்தவர்கள்தான் இன்று லோக்கல் பார்ன் என்று சொல்லப்படும் சமூகம். யாருக்கு எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மொழி என்பது அவர்களிடம் இரண்டு தலைமுறையில் கரைந்தது. முன்னோர் ஊரைக் கேட்டால் ஜில்லா பெயர் சொல்லக்கூடத் தெரியாதவர்கள் அவர்களில் உண்டு. ஏக்கம் இருக்க வேண்டுமானால் முகவரி இருக்க வேண்டும். அவர்களுக்கு அது இல்லாதது ஒரு விதத்தில் விடுதலை என்றே நினைக்கிறேன். தானேசரி கதை இதற்கு மறுபக்கம். ஆங்கில அரசுக்கு எதிரான வஹாபி சதி வழக்கில் தண்டனை பெற்று 1866இல் அந்தமானுக்கு வந்த ஜாஃபர் தானேசரி, 1883இல் மனைவி மக்களோடு பஞ்சாபுக்குத் திரும்பினார். உருதுவில் நினைவுக்குறிப்பும் எழுதினார். தனியாளாக விலங்கோடு வந்தவர் குடும்பஸ்தராகக் கப்பல் ஏறினார். பதினேழு ஆண்டு வாழ்ந்த பிறகு எது விட்டுவந்த ஊர், எது திரும்பும் ஊர் என்று பிரிப்பது லேசல்ல. அவருடைய பிள்ளைகளுக்கு விட்டுவந்த ஊர் போர்ட் பிளேர்தான்.

1920களில் மலபாரிலிருந்து மாப்பிள்ளை முஸ்லிம் கைதிகள் வந்தார்கள், 1921 கிளர்ச்சிக்குப் பிறகு. அவர்கள் குடும்பங்களும் பின்னால் வந்தன. தெற்கு அந்தமானில் அவர்கள் காடு திருத்திய இடங்களின் பெயர்களைப் பாருங்கள்: மஞ்சேரி, திரூர், வண்டூர், மண்ணார்காடு, காலிகட். மலபாருக்குள் பஸ்ஸில் போகிற மாதிரி இருக்கும். இன்று வண்டூருக்குக் கடல் தேசியப் பூங்காவின் படகைப் பிடிக்கப் போகும் சுற்றுலாப் பயணிகளில் எத்தனை பேருக்கு அது கைதி ஒருவனின் ஊர் என்று தெரியும்? 1925இல் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் வந்து மாயாபந்தர் பக்கம் வேபி என்ற கிராமத்தை அமைத்தார்கள். 1949இலிருந்து கிழக்கு வங்க அகதிகள். அவர்கள் குடியேறிய ஹேவ்லாக் தீவில் ராதாநகர், கோவிந்தநகர், விஜயநகர். நீல் தீவில் சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர். இந்த வரிசையில் ஒரு மாற்றம் தெரிகிறது. மாப்பிள்ளைகள் தங்கள் கிராமத்தைப் பெயராக வைத்தார்கள். அகதிகளின் குடியிருப்புகளில் பரிசாலும் டாக்காவும் இல்லை, புராணம்தான் இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவான பெயர் யாருக்கும் சொந்தமாக இல்லாத பெயர். தீவுகளின் பெயர்களையே 2018இல் ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு என்று மாற்றியபோதும் இதே போக்கைத்தான் பார்த்தோம்.

தமிழர்கள் பலவிதமாக வந்தார்கள்: கைதிகளாக, அரசு வேலைக்காரர்களாக, கட்டட வேலைக்கும் கடை வைக்கவும், ராமநாதபுரத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும். அவர்களுடைய ஏக்கத்தின் பருவத்தைச் சொல்வது சுலபம், அது கப்பலின் பருவம். சென்னைக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல், கப்பலில் மூன்று நாள். மகாராஜா என்ற பழைய கப்பலிலிருந்து நான்கௌரி, ஸ்வராஜ் தீவு வரை, கப்பல் பெயர்களைத் தலைமுறைக்கு ஒன்றாகச் சொல்வார்கள். மாதத்துக்குச் சில ஓட்டங்கள்தான். தீவுக்காரர்களுக்குச் சலுகைக் கட்டணம். பங்க் கிளாஸில் பாய் விரித்து, எதிர்ப் படுக்கைக்காரரிடம் ஊர் விசாரித்து, மூன்றாம் நாள் காலை சென்னைத் துறைமுகத்தின் கிரேன்கள் கண்ணில் படும்வரை பேசிக்கொண்டே போவார்கள். மார்ச்சில் பரீட்சை முடிகிறது, கடலும் அமைதி. ஆகவே பங்குனி வந்தால் பேச்செல்லாம் டிக்கெட் பற்றித்தான். விமானத்தில் இரண்டு மணி நேரம், ஆனால் லீவு நாட்களில் அதன் கட்டணம் நாலு பேர் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. மெயின்லாண்ட் போகிறவர்களின் சாமான் பட்டியலில் கொட்டைப்பாக்கு, தேங்காய். திரும்பி வருவதில் புளி, வத்தல், வருஷப் பிறப்பு ரசத்துக்குக் காய்ந்த வேப்பம்பூ.

போக முடியாதவர்களுக்குப் பங்குனி உத்திரம். போர்ட் பிளேரின் வெற்றிமலை முருகன் கோயிலில் அன்று காவடியும் பால்குடமுமாகக் கூட்டம் நெரியும். தமிழர்கள் மட்டுமல்ல, தெலுங்கரும் வங்காளிகளும் நிற்பார்கள். பழனிக்கு நடந்து போக வேண்டியவர்கள் இங்கே தார் ரோட்டில் நடக்கிறார்கள். தண்ணீர்த் தட்டுப்பாட்டு மாதத்தில் தெருவெல்லாம் நீர்மோரும் பானகமும் ஊற்றுவார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊர்த் திருவிழாவை இங்கே நடத்திவிட்டால் ஏக்கம் தணியும் என்று சொல்வார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. திருவிழா ஏக்கத்தைக் குறைப்பதில்லை, அதற்கு ஒரு தேதியைக் கொடுக்கிறது. தேதி கிடைத்தால் மீதி நாளெல்லாம் வேலையைப் பார்க்கலாம்.

தமிழர்களிலேயே கச்சல் தீவுக்குப் போனவர்களின் நிலை தனி. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாகப் பங்கு பிரித்தது. மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் தாயகம் திரும்பியோர் என்று பெயர். அவர்களுக்காக நீலகிரியில் அரசே தேயிலைத் தோட்டம் வைத்தது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் குளிரும் மூடுபனியும் கொழுந்துக் கூடையுமாவது பழகியவையாக இருந்தன. ஒரு சிறு பகுதியினரை நிக்கோபாரின் கச்சல் தீவில் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து பாட்டன் பூட்டன் காலத்தில் இலங்கைக்கு, அங்கிருந்து மண்டபம் முகாமுக்கு, அங்கிருந்து கச்சலுக்கு. இவர்களிடம் உங்கள் ஊர் எது என்று கேட்டால் எந்த ஊரைச் சொல்வார்கள்? தாத்தா சொன்ன ஊரா, பிறந்த லயமா, வழியில் தங்கிய முகாமா?

கச்சலில் தெர்மாமீட்டர் காட்டாத பருவத்தை ரப்பர் மரம் காட்டும். எந்த நாட்டில் நட்டாலும் ரப்பர் ஆண்டுக்கு ஒரு முறை, வறண்ட மாதங்களில், இலை மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி துளிர்க்கும். அப்போது பால் குறையும்; வெட்டை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். கன்னியாகுமரியில் இதைப் பார்க்கலாம், இலங்கையின் களுத்துறையில் பார்க்கலாம். பிரேசில் காட்டு மரம் தன் பழக்கத்தை எங்கேயும் விடவில்லை. தோட்டத் தொழிலாளிக்கு அந்த வாரங்கள் ஓய்வும் அல்ல, மகிழ்ச்சியும் அல்ல. வெட்டு இல்லையென்றால் கூலி இளைக்கும். வேலை இல்லாத நாட்களில்தான் விட்டுவந்த இடம் பேச்சில் வரும் என்பது எந்தத் தோட்டத்திலும் உண்மை. இளவேனிலின் துளிருக்கும் பழைய ஊரின் நினைவுக்கும் உள்ள உறவுக்குக் கவித்துவமான விளக்கம் தேடுகிறவர்கள் கூலிப் பட்டியலையும் ஒரு தடவை பார்ப்பது நல்லது.

2004 டிசம்பர் 26 காலை வந்த அலை மிக அதிகமாக வாரிச் சென்ற தீவுகளில் கச்சலும் ஒன்று. அந்தமான் நிக்கோபாரில் இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் அரசுக் கணக்கில் 3,500 பேருக்கு மேல். பெரும்பாலோர் நிக்கோபார்த் தீவுகளைச் சேர்ந்தவர்கள். கிரேட் நிக்கோபாரின் தெற்குக் கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கரையில் இருந்த கலங்கரை விளக்கம் தண்ணீருக்குள் நின்றது. இதுவரை பார்த்த ஏக்கங்கள் எல்லாம் கடலுக்கு அப்பால் இருக்கும் ஊரைப் பற்றியவை. இந்த அலைக்குப் பிறகு தீவுகளில் வேறொரு வகை தோன்றியது: அதே தீவுக்கூட்டத்தில், சில மணி நேரப் படகுத் தொலைவில் இருந்தும் போய்க் குடியிருக்க முடியாத ஊர்.

நிக்கோபார்க்காரர்கள் கடலோரத்து மக்கள். வீடு, தென்னை, படகு, மூதாதையர் புதைகுழி எல்லாம் மணலை ஒட்டியே. அலைக்குப் பிறகு உள்ளே தள்ளி, முதலில் தகரக் கொட்டகைகள், பிறகு ஒரே அச்சில் வார்த்த நிரந்தர வீடுகள். வறண்ட மாதத்து வெயிலில் அந்தத் தகரத்துக்குள் இருந்தவர்கள், ஓலைக் குடிசையின் காற்றை நினைத்தது ஏக்கம் என்று சொல்லத் தக்கதா, வெறும் வசதிக் கணக்கா? இரண்டும்தான். டிரிங்கெட் தீவு மக்கள் கமோர்ட்டாவுக்கு மாற்றப்பட்டு அங்கேயே தங்கினார்கள். சௌரா தீவுக்காரர்களைத் தெரஸ்ஸாவில் வைத்தார்கள். அவர்கள் விடாப்பிடியாகத் திரும்பிப் போனார்கள். சௌராவின் மண்பானையை மற்றத் தீவுகள் எல்லாம் நம்பியிருந்த காலம் உண்டு, அந்தப் பெருமிதமும் அவர்களை இழுத்திருக்கலாம்.

கிரேட் நிக்கோபாரில்தான் கேள்வி இன்றுவரை திறந்து கிடக்கிறது. அத்தீவின் கிழக்குக் கரையில் 1969 முதல் பஞ்சாப், மகாராஷ்டிரம், தமிழ்நாடு முதலிய மாநிலங்களைச் சேர்ந்த முன்னாள் ராணுவக் குடும்பங்கள் 330ஐ அரசு குடியேற்றியது. தென்கரையிலும் மேற்குக் கரையிலும் இருந்த நிக்கோபார்க் கிராமங்கள் அலையில் அழிந்தபின், உயிர்பிழைத்தவர்களைக் காம்ப்பெல் பே பக்கம் ராஜீவ் நகரிலும் நியூ சிங்கெனிலும் வைத்தார்கள். தற்காலிகம் என்று நம்பித்தான் வந்தார்கள். தெற்கே போகும் சாலை 35 கிலோமீட்டருக்கு அப்பால் இல்லை. கடல் அடங்கிய மாதங்களில் படகும் எரிபொருளும் கிடைத்தால் பழைய தோப்புகளைப் பார்த்து வரலாம், அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பிப் போக வழி செய்யுங்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதிகாரிகளின் காதில் இது பழமை மீதான பாசமாக விழுகிறது. மலபார்க் கைதியின் ஏக்கத்துக்கு நில வரைபடத்தில் இடம் கிடைத்தது, அகதிக்குப் பட்டா கிடைத்தது, எங்கள் முருகனுக்குத் தார் ரோடு கிடைத்தது. இவர்கள் கேட்பது சொந்த நிலத்துக்குத் திரும்பும் உரிமையை. அதை ஏக்கம் என்று மொழிபெயர்த்தால் கோப்பை மூடிவிடுவது எளிது.

2022இல் அத்தீவின் கலத்தியா வளைகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரம் அடங்கிய பெருந்திட்டத்துக்கு ஒப்புதல்கள் வந்தன. அந்த வளைகுடா தோல்முதுகு ஆமைகள் நவம்பரிலிருந்து மாசி, பங்குனி வரை முட்டையிட வரும் கரை. அதே 2022 நவம்பரில் லிட்டில் நிக்கோபார், கிரேட் நிக்கோபார் பழங்குடிக் குழு, திட்டத்துக்குத் தான் கொடுத்திருந்த தடையில்லாச் சான்றைத் திரும்பப் பெற்றது. தங்கள் பழைய கிராமங்களும் திட்ட எல்லைக்குள் வருகின்றன என்பது தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்று எழுதியது. கிரேட் நிக்கோபார் 2011இல் எட்டாயிரம் பேர் இருந்த தீவு. திட்டம் முடியும்போது அங்கே மூன்றரை லட்சம் பேர் இருப்பார்கள் என்பது அரசின் மதிப்பீடு. அத்தனை பேரும் மெயின்லாண்டிலிருந்துதான் வர வேண்டும். வருகிறவர்கள் பங்குனியில் கப்பல் டிக்கெட்டுக்கு அலைவார்கள், உத்திரத்துக்குக் காவடி எடுப்பார்கள், தெருக்களுக்குத் தங்கள் ஊர்ப் பெயரை வைக்க மனுப் போடுவார்கள். அந்த இடங்களுக்கு ஏற்கெனவே பெயர்கள் இருக்கின்றன: சிங்கென், இன் ஹெங் லொய், புலோ பாஹா, புலோ பக்கா, கொகியோன். அங்கே பிறந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். ராஜீவ் நகரிலிருந்து மனுக்கள் இன்னும் போய்க்கொண்டிருக்கின்றன.